பாட்டில் தண்ணீரில் ஒரு மில்லிக்கு 12,000 பாக்டீரியா: குடிக்கலாமா, கூடாதா?

மார்ச் 4, காலை 8:15 (கேள்வி)

வீட்டில் குடிக்க வாங்கி வைத்திருந்த பாட்டில் தண்ணீரில் ஒன்றை லேபில் கொடுத்துச் சோதித்தேன். அறிக்கையில் இரண்டே வரிகள். "மொத்த பாக்டீரியா எண்ணிக்கை, 22 டிகிரி: ஒரு மில்லிக்கு 12,000. ஈ.கோலை: இல்லை." 12,000 என்பதைப் பார்த்ததும் மீதமிருந்த பாட்டில்களையெல்லாம் கொட்டிவிட்டேன். குழாய்த் தண்ணீருக்கே இதைவிடக் குறைவாகத்தான் வருமாம். அப்படியானால் பாட்டில் தண்ணீர் என்பதே ஏமாற்றா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 4, இரவு 9:40

கொட்டியிருக்க வேண்டாம். தண்ணீர்ப் பரிசோதனை லேபில் பதினான்கு வருடமாக இதே வேலைதான் பார்க்கிறேன். இந்த எண்ணைப் பார்த்துப் பதறிப்போய் ஃபோன் செய்பவர்கள் மாதத்துக்கு ஒருவராவது இருப்பார்கள்.

பாட்டில் தண்ணீர் கிருமியே இல்லாத தண்ணீர் கிடையாது. நிலத்தடியிலிருந்து எடுக்கும் நீரில் அதற்கே உரிய பாக்டீரியாக்கள் கொஞ்சம் இருக்கும். மிகக் குறைந்த சத்தில் பிழைக்கப் பழகியவை. அடைத்து மூடியதும் அவை பெருகத் தொடங்கும். அடைத்த அன்று மில்லிக்குப் பத்து இருபது என்று இருந்தது, ஒன்றிரண்டு வாரத்தில் பத்தாயிரம், சில சமயம் லட்சம் வரை ஏறும். சோடா போல் கேஸ் ஏற்றாத நீரில் இது வழக்கமாக நடப்பதுதான். குழாய்த் தண்ணீரில் எண்ணிக்கை குறைவாக வரக் காரணம் அதில் மிச்சமிருக்கும் குளோரின். பாட்டில் நீரில் அந்தக் காவல் பெரும்பாலும் இருக்காது.

அதனால் அந்த 12,000-க்கு மதிப்பே கிடையாது, மறந்துவிடுங்கள். எனக்கு உறுத்துவது வேறு மூன்று விஷயங்கள். ஈ.கோலை "இல்லை" என்கிறார்களே, எவ்வளவு தண்ணீரில் தேடி இல்லை? பாட்டில் எந்தத் தேதியில் அடைத்தது, எந்தத் தேதியில் சோதித்தது? சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவுக்கான வரி ஏன் அறிக்கையில் இல்லை?

மார்ச் 5, காலை 6:50

நேற்று எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். "மதிப்பே கிடையாது" என்றது தவறு. தூங்கப் போன பிறகும் அந்த வார்த்தை மனதிலேயே நின்றது.

எண்ணுக்கு மதிப்பு உண்டு. எப்போது எடுத்த எண் என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் இயற்கைக் கனிமநீர் விதியைப் பாருங்கள். 20 முதல் 22 டிகிரியில் 72 மணி நேரம் வளர்த்தால் மில்லிக்கு 100, 37 டிகிரியில் 24 மணி நேரம் வளர்த்தால் மில்லிக்கு 20, இதற்கு மேல் போகக்கூடாது. ஆனால் அடைத்த 12 மணி நேரத்துக்குள் அளக்க வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. அந்த நேரத்தில் எண் பெரிதாக இருந்தால் ஊற்றிலோ, குழாயிலோ, நிரப்பும் இயந்திரத்திலோ ஏதோ கெட்டிருக்கிறது என்று பொருள். மூன்று வாரம் அலமாரியில் இருந்த பாட்டிலை அந்த 100-ஐ வைத்து எடைபோட முடியாது.

உங்கள் பாட்டில் அடைத்த தேதி தெரியாமல் நான் அவ்வளவு அடித்துச் சொல்லியிருக்கக் கூடாது. தேதியைப் பார்த்துச் சொல்லுங்கள்.

மார்ச் 5, மதியம் 1:20

மேலே ஒருவர், "ஈ.கோலை நம் எல்லார் வயிற்றிலும் இருப்பதுதானே, அதைப் போய் ஏன் தேடுகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

அது வயிற்றில் இருப்பதால்தான் தேடுகிறோம். 1885-இல் தியோடர் எஷரிஷ் என்ற மருத்துவர் குழந்தைகளின் மலத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்து விவரித்தார். பெரும்பாலான வகைகள் நோய் தராதவை. ஆனால் தண்ணீரில் அது கிடைத்தால் மனிதன் அல்லது விலங்கின் கழிவு அந்தத் தண்ணீரைத் தொட்டிருக்கிறது என்று அர்த்தம். கழிவு வந்த வழியில் காலரா, டைஃபாய்டு, மஞ்சள் காமாலை எது வேண்டுமானாலும் வரலாம். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேட ஆளும் நேரமும் போதாது. எனவே தடயத்தைத் தேடுகிறோம்.

பாட்டிலில் அடைத்த நீரால் அப்படியெல்லாம் வராது என்பவர்களுக்கு 1974-ஐ நினைவூட்ட வேண்டும். அந்த வருடம் போர்ச்சுகலில் பரவிய காலராவில், ஒரு பாட்டில் ஆலைக்கு நீர் கொடுத்த ஊற்றிலேயே காலராக் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. கேஸ் ஏற்றாத பாட்டில் நீரைக் குடித்தவர்களிடம் நோய் அதிகம் தெரிந்தது. கேஸ் ஏற்றிய நீர் புளிப்புத் தன்மை உடையது, அதில் பாக்டீரியா தாக்குப்பிடிப்பது கடினம்.

மார்ச் 5, இரவு 10:30

"லேபில் உண்மையில் என்னதான் செய்கிறீர்கள்?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சரி, இன்று காலை செய்ததையே சொல்கிறேன்.

மூடி திறக்காத பாட்டில் வருகிறது. முதலில் அதை நன்றாகக் குலுக்குவோம், கிருமிகள் சுவரோடு ஒட்டியிருக்கலாம். மூடியையும் கழுத்தையும் 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுவோம். இது முக்கியம். திறக்கிற கையிலும் மூடியின் வெளிப்பக்கத்திலும் இருப்பது உள்ளே போய்விட்டால் அந்தப் பாட்டிலின் மேல் வீண் பழி.

வடிகட்டும் தாளை மெம்பரேன் என்போம். 47 மில்லிமீட்டர் அகலம், வெள்ளை நிறம், மேலே கட்டம் போட்டிருக்கும். அதன் துளை 0.45 மைக்ரான். தண்ணீர் போகும், பாக்டீரியா மேலேயே தங்கும். சுடரில் காட்டி ஆறவைத்த இடுக்கியால் ஓரத்தை மட்டும் பிடித்து வடிகட்டியின் மேல் வைக்க வேண்டும். ஃபனலைப் பொருத்தி 250 மில்லி ஊற்றி, பம்பைப் போட்டால் தண்ணீர் மெதுவாக இறங்கும். இறங்கியதும் பம்பை நிறுத்தி, மெம்பரேனை எடுத்து அகார் தட்டின் (பாக்டீரியா வளரச் சத்துக் கலந்த ஜெல்லி ஊற்றிய தட்டு) மேல் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு உருட்டிப் படியவைக்க வேண்டும். அவசரப்பட்டு அப்படியே போட்டால் அடியில் காற்றுக் குமிழி மாட்டிக்கொள்ளும். குமிழி இருக்கும் இடத்தில் சத்து மேலே ஏறாது, அங்கே உட்கார்ந்த பாக்டீரியா வளராது. இருந்தும் இல்லாததாகக் கணக்காகிவிடும். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் முதல் வாரம் முழுக்கப் பழக்குவது இந்த உருட்டலைத்தான்.

பிறகு தட்டைக் கவிழ்த்து 36 டிகிரி இன்குபேட்டரில் வைப்போம். ஈ.கோலையும் அதன் உறவுக்காரப் பாக்டீரியாக்களும் சேர்ந்த கூட்டத்தைக் கோலிஃபார்ம் என்போம். அதற்கு நிறம் காட்டும் அகாரில் சுமார் 21 மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஈ.கோலை கருநீலமாகவோ ஊதாவாகவோ தெரியும், மற்ற கோலிஃபார்ம்கள் இளஞ்சிவப்பு முதல் சிவப்பு வரை. ஒவ்வொரு புள்ளியும் ஒரு காலனி, அதாவது ஒரே இடத்தில் பெருகிய பாக்டீரியாக் கூட்டம். ஐ.எஸ்.ஓ. 9308-1 என்ற முறை இது.

பாட்டில் நீருக்கு 250 மில்லியில் தேட வேண்டும். குழாய் நீருக்கு 100 மில்லி போதும் என்பார்கள். உங்கள் அறிக்கையில் அந்த "இல்லை" என்பதற்குப் பக்கத்தில் அளவு போடவில்லை என்றால் லேபைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

மார்ச் 6, காலை 7:05

இதை எழுதும்போதே இன்னொன்று தோன்றியது. 12,000 என்பதற்கு மூன்றாவது பொருளும் இருக்கிறது. மில்லிக்கு 12,000 என்றால் 250 மில்லியில் 30 லட்சம். அத்தனையும் ஒரு ரூபாய் நோட்டளவுகூட இல்லாத அந்த மெம்பரேனில் வந்து அடையும். பெரும்பாலானவை 36 டிகிரியில் அந்த அகாரில் வளராது, அதனால் பிழைத்தோம். ஆனால் வளரக்கூடியவை கூட்டமாக இருந்தால், நடுவில் தனியாக இருக்கும் ஒரு கோலிஃபார்மை அமுக்கிவிடும். கண்ணுக்கும் தெரியாது. நிறம் காட்டும் அகார் முறை பின்னணிக் கூட்டம் குறைவாக உள்ள நீருக்குத்தான் ஏற்றது என்று அந்த முறையிலேயே எழுதியிருக்கிறது.

அப்படித் தட்டு முழுக்கப் படர்ந்திருந்தால் "இல்லை" என்று எழுதக்கூடாது. "படிக்க முடியவில்லை" என்று எழுதிவிட்டு, தண்ணீரைப் பிரித்து ஊற்றித் திரும்பச் செய்ய வேண்டும். முதல் நாள் "மறந்துவிடுங்கள்" என்றேனே, இப்போது அதே எண்ணைப் பற்றி மூன்றாவது முறை எழுதுகிறேன். அது நோயின் எண் இல்லை என்பதில் மாற்றமில்லை. ஆனால் லேப்காரர் கவனிக்க வேண்டிய எண்தான்.

மார்ச் 6, இரவு 11:10

சூடோமோனாஸ் பற்றிக் கேட்டவர்களுக்கு. நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

ஈ.கோலை கழிவைக் காட்டும். சூடோமோனாஸ் ஏருஜினோசா ஆலையைக் காட்டும். அது வாழ மலம் வேண்டாம். ஈரமும் துளி சத்தும் போதும். ரப்பர் வளையம், குழாயின் வளைவு, மூடி கொட்டிவைக்கும் தொட்டி என்று எங்கும் வழவழப்பாக ஒரு படலம் கட்டி ஒளிந்துகொள்ளும். படலத்துக்குள் போன பிறகு ஓசோனும் குளோரினும் மேலோடு தடவிவிட்டுப் போகும். பாட்டில் நீரில் 250 மில்லியில் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்று ஐரோப்பிய விதியிலும் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர நெறியிலும் வைத்திருப்பதற்குக் காரணம் இந்தக் குணம்தான்.

அதைத் தேட சி.என். அகார் என்ற தனி ஊடகம். 36 டிகிரி, 44 மணி நேரம். முதல் நாள் பார்த்தால் மெம்பரேன் வெள்ளையாக, ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். இரண்டாம் நாள் திறக்கும்போதுதான் தெரியும். காலனியைச் சுற்றி நீலப்பச்சை, மெம்பரேனின் வெள்ளையில் மை கசிந்ததுபோல் பரவியிருக்கும். நிறம் வராத காலனிகளும் உண்டு. அவற்றைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்து, ஒளிர்கிறதா என்று பார்த்து, மேற்கொண்டு உறுதிச் சோதனை செய்ய வேண்டும். தட்டைத் திறந்ததும் திராட்சைப் பழம் போல ஒரு இனிப்பு வாசனை வரும். முகர்ந்து பார்ப்பது பாதுகாப்பு விதிக்கு விரோதம், ஆனால் மூடியைத் தூக்கும்போது தானாக வந்துவிடும்.

ஒரு ஆலையின் தண்ணீர் பல மாதம் எங்களிடம் வந்துகொண்டிருந்தது. வாரா வாரம் ஐந்து பாட்டில். நான்கு வாரம் சுத்தம், ஐந்தாம் வாரம் ஒன்றில் சூடோமோனாஸ். மறுபடி சுத்தம். மறுபடி ஒன்று. தற்செயல் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள், நானும் பாதி அப்படியே நினைத்தேன். கடைசியில் நேரில் போனோம். நிரப்பும் இயந்திரத்தில் பன்னிரண்டு வாய்கள் சுற்றி வரும். ஒவ்வொரு வாயிலிருந்தும் ஒரு பாட்டில் எடுத்து, அடியில் எண் எழுதி, பன்னிரண்டையும் லேபுக்குக் கொண்டுவந்தோம். இரண்டு நாள் கழித்துப் பதினோரு தட்டு வெள்ளை. ஏழாம் தட்டில் எண்ண முடியாத அளவுக்குப் பச்சை. அந்த ஏழாம் வாயைக் கழற்றிப் பார்த்தால் ரப்பர் வளையத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு விரிசல். உள்ளே விரலால் தடவினால் வழுக்கியது. வளையத்தை மாற்றினார்கள், பிரச்சினை போய்விட்டது.

நல்ல உடம்போடு இருப்பவர் குடித்தால் இதனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. தீக்காயம் பட்டவர், நுரையீரல் நோயாளி, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் என்றால் கதையே வேறு. என் அப்பாவுக்குப் புற்றுநோய் மருந்து ஏறிக்கொண்டிருந்த மாதங்களில் மூடி திறக்காத பாட்டில் நீரையும் கொதிக்கவைத்து ஆறவைத்துத்தான் கொடுத்தேன். உறவினர்கள் "பாட்டில் தண்ணியைப் போய்க் காய்ச்சுறியே" என்றார்கள். நான் விடவில்லை.

மார்ச் 7, காலை 8:00

"250 மில்லியில் பூஜ்யம் என்றால் தண்ணீரில் பூஜ்யம்தானே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை ஐயா. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு லிட்டருக்குச் சராசரியாக ஒரு கிருமி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 250 மில்லியை எடுத்தால் அந்த ஒன்று அதில் வராமல் போக 78 சதவீத வாய்ப்பு. நான்கில் மூன்று தடவைக்கு மேல் "இல்லை" என்றே வரும். 100 மில்லிக்கு ஒன்று என்ற அளவில் இருந்தாலும் 8 சதவீதம் தப்பிவிடும். ஐந்து பாட்டிலிலிருந்து ஒவ்வொன்றிலும் 250 மில்லி எடுத்தால், லிட்டருக்கு ஒன்று என்ற நிலையில் ஐந்தும் சுத்தமாக வர இன்னும் 29 சதவீத வாய்ப்பு உண்டு.

நூறு பாட்டிலில் ஒன்று கெட்டது என்றால் நிலைமை இன்னும் மோசம். ஐந்தை எடுத்தால் கெட்டது சிக்காமல் போக 95 சதவீதம். அதை 5 சதவீதத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 300 பாட்டில் சோதிக்க வேண்டும். யாரும் அத்தனை செய்ய மாட்டார்கள். அதனால்தான் கடைசிப் பாட்டிலைச் சோதித்து மட்டும் தண்ணீரைப் பாதுகாக்க முடியாது என்கிறோம். ஊற்று, வடிகட்டி, புற ஊதா விளக்கு, ஓசோன், நிரப்பும் வாய், மூடி என்று ஒவ்வொரு படியிலும் கண்காணிப்பு வேண்டும். லேப் முடிவு அந்தக் கண்காணிப்பு வேலை செய்கிறதா என்று பார்க்கும் சாட்சி.

மார்ச் 7, காலை 8:25

மேலே உள்ள கணக்கில் ஒரு ஓட்டை. கிருமிகள் தண்ணீரில் சீராகக் கலந்திருக்கின்றன, கெட்ட பாட்டில்கள் தற்செயலாகக் கலந்திருக்கின்றன என்று எடுத்துக்கொண்டேன். இரண்டும் எப்போதும் உண்மையில்லை. நேற்று இரவு நான் எழுதிய ஏழாம் வாயே சாட்சி. பன்னிரண்டில் ஒன்று கெட்டிருக்கும்போது ஐந்து பாட்டிலைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் 65 சதவீதம் தப்பிவிடும். வாய்க்கு ஒன்றாக எடுத்தால் பன்னிரண்டிலேயே மாட்டிக்கொள்ளும். எங்கே எடுப்பது என்று யோசித்து எடுத்த பத்து, யோசிக்காமல் எடுத்த ஐம்பதைவிட மேல்.

மார்ச் 7, மாலை 6:45

டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டவருக்கு: முடியாது. அது கரைந்துள்ள உப்பைத்தான் அளக்கும். மீட்டரில் எண் மிகக் குறைவாக இருக்கும் நீரிலும் சூடோமோனாஸ் சுகமாக வளரும்.

வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் கருப்பாகும் குப்பி, அதாவது ஹைட்ரஜன் சல்ஃபைடு சோதனை, ஓரளவு உதவும். 1982-இல் வெளியான எளிய முறை அது. இன்குபேட்டர் இல்லாத இடங்களில் கிணற்றையும் குழாயையும் பார்க்கப் பயன்பட்டு வருகிறது. ஆனால் ஊற்றும் தண்ணீர் கொஞ்சம்தான், அதனால் பாட்டில் நீருக்குத் தேவையான 250 மில்லி நுணுக்கம் அதில் கிடையாது. நீரிலேயே சல்ஃபைடு இருந்தால் கழிவு இல்லாமலும் கருக்கும். சூடோமோனாஸைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

மார்ச் 8, இரவு 9:15

இன்று கொஞ்சம் மனது கனமாக இருக்கிறது. பழைய சம்பவம் ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே எல்லாரும் லேப் சொன்னால் சரி என்று எடுத்துக்கொள்கிறீர்கள்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம். ஒரே நாளில் நான்கு வெவ்வேறு ஆலைகளின் தண்ணீரில் சூடோமோனாஸ். நான்கும் இரண்டு மூன்று காலனிகள். அறிக்கை தயார் செய்தாகிவிட்டது, கையெழுத்து மட்டும் பாக்கி. எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. ஒரே நாளில் நான்கு ஆலையும் கெடுமா? அன்றைய பிளாங்க்கைப் பார்க்கலாம் என்று தேடினேன். பிளாங்க் என்றால் கிருமி நீக்கிய நீரை அதே ஃபனலில், அதே மாதிரி வடிகட்டிச் செய்யும் சோதனை. அதில் எதுவும் வரக்கூடாது. அன்று வேலை நெருக்கடியில் நான் அதைப் போடவே இல்லை.

எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மறுநாள் பிளாங்க் மட்டும் செய்தேன். இரண்டு நாள் கழித்து அதிலும் பச்சை. ஃபனல் கழுவப் பயன்படுத்திய நீரின் கேனில் அடைப்பு ரப்பருக்கு அடியில் படலம் கட்டியிருந்தது. கிருமி எங்கள் லேபில் இருந்தது. அந்த நான்கு ஆலைகளின் பெயரும் கெட்டிருக்கும். ஒன்றில் தொழிலாளர்கள் ஒரு வாரம் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் நின்றதற்காக இன்றும் நிம்மதியாக இருக்கிறேன், பிளாங்க் போடாததற்காக இன்றும் வருந்துகிறேன்.

அதனால் உங்கள் அறிக்கையைக் கொடுத்த லேபில் "அன்றைய பிளாங்க் என்ன வந்தது?" என்று கேளுங்கள். அதேபோல், தெரிந்த ஈ.கோலையைப் போட்டு வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையும் வேண்டும். அது வளரவில்லை என்றால் அகார் கெட்டது, அன்று வந்த "இல்லை" எதையும் நம்ப முடியாது. இரண்டையும் தினமும் எழுதிவைக்கும் லேப் உங்கள் கேள்விக்குக் கோபப்படாது.

மார்ச் 9, காலை 7:30

நேற்றைய பதிவுக்கு நிறையப் பேர் அன்பாக எழுதியிருக்கிறீர்கள். மகிழ்ச்சி. ஒருவர் கேட்டது: "ஆலைக்காரர் தானே பாட்டில் எடுத்துக் கொடுத்தால்?" ஏமாற்றும் எண்ணம் இல்லாமலேயே இங்கே தவறு நடக்கும். ஓசோன் ஏற்றிய நீரை இயந்திரத்திலிருந்து இறங்கிய சூட்டோடு எடுத்து உடனே சோதித்தால், பாட்டிலுக்குள் ஓசோன் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். அடிபட்டு மயங்கிய பாக்டீரியா அகாரில் வளராது. முடிவு சுத்தம். சில மணி நேரத்தில் ஓசோன் போய்விடும், சில நாளில் மயங்கியது எழுந்துவிடும். இதே தண்ணீரை ஐந்தாம் நாள் சோதித்துக் காலனி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். சோடியம் தயோசல்ஃபேட் போட்டு ஓசோனை அணைத்துவிட்டு ஒரு தடவை, சில நாள் வைத்திருந்து இன்னொரு தடவை என்று பார்ப்பது நல்லது.

மார்ச் 9, இரவு 10:50

"ஈ.கோலை இல்லை என்றால் வைரஸும் இல்லைதானே?" என்ற கேள்வியை நானே தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன், ஏனென்றால் பதில் இனிப்பாக இருக்காது. 0.45 மைக்ரான் மெம்பரேனில் வைரஸ் நிற்காது. ஈ.கோலை இல்லை என்றால் வைரஸும் இல்லை என்று சொல்ல முடியாது. ஓசோனுக்கும் புற ஊதாவுக்கும் ஈ.கோலை எளிதில் சாகும், சில வைரஸ்கள் அதைவிடத் தாங்கும். 2016 ஏப்ரலில் ஸ்பெயினில் அலுவலகங்களுக்குப் போன பெரிய கேன் தண்ணீரால் நோரோவைரஸ் பரவி 4,000-க்கும் மேற்பட்டவர்கள் வாந்தி, பேதியால் பாதிக்கப்பட்டார்கள். அதைக் கண்டுபிடிக்கப் பல லிட்டர் நீரைச் செறிவாக்கி மரபணுச் சோதனை செய்ய வேண்டும். வழக்கமான லேபில் தினமும் நடக்கும் வேலை இல்லை. ஊற்றைக் கழிவு தொடாமல் காப்பது ஒன்றுதான் இதற்கு உண்மையான தடுப்பு.

மார்ச் 11, மதியம் 2:10

கேள்வி கேட்டவர் இப்போதுதான் வீட்டில் மூன்று மாதக் குழந்தை இருப்பதையும், பாட்டில் நீரில் பால் மாவு கரைப்பதையும் சொல்கிறார். முதலிலேயே சொல்லியிருந்தால் என் முதல் பதில் வேறாக இருந்திருக்கும்.

தண்ணீரைக் கொதிக்கவிடுங்கள். மூடி திறக்காத பாட்டிலாக இருந்தாலும் சரி. கொதித்ததை அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிடாமல், 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் மாவைக் கரைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். இதில் தண்ணீர் மட்டும் காரணம் இல்லை. மாவிலேயே குரோனோபேக்டர் என்ற கிருமி இருக்கக்கூடும், அந்தச் சூடு அதைக் கொல்லும். கரைத்த பிறகு பால் புகட்டும் பாலாடைக் கிண்ணத்தையோ ஃபீடிங் பாட்டிலையோ குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்த்துக் கொடுங்கள். மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

மார்ச் 19, இரவு 8:30

புதிய அறிக்கையை அனுப்பியதற்கு நன்றி. படித்துவிட்டேன். ஐந்து பாட்டில், ஒவ்வொன்றிலும் 250 மில்லி. ஈ.கோலை, கோலிஃபார்ம், கழிவின் இன்னொரு தடயமான என்டெரோகாக்கை, சூடோமோனாஸ் ஏருஜினோசா நான்கும் ஐந்திலும் இல்லை. அடைத்து 22 நாள் ஆன பாட்டில்கள் என்று தேதியோடு போட்டிருக்கிறார்கள். மொத்த எண்ணிக்கை மில்லிக்கு 31,000, முதல் தடவையைவிட இரண்டரை மடங்கு. இந்த முறை கொட்டவில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் மனது நிறைந்தது.

பிளாங்க் வரி மட்டும் இதிலும் இல்லை. நாளை காலை லேபுக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுவிடுங்கள். அதுவரை குழந்தைக்குக் கொதிக்கவைத்தே கொடுங்கள், அதற்குப் பிறகும் அப்படியே.